யார் கை என்றால் ரேகை அவமானம்? கம்பம் பள்ளத்தாக்கில் குற்றப் பரம்பரைச் சட்டமும் அதற்கு எழுந்த, எழாத எதிர்ப்பும்

அரசு ஒருவரைக் கண்காணிக்கும்போது ஊர் கொதித்தெழுமா, வாய்மூடி இருக்குமா? கண்காணிப்பின் கடுமையைவிட, கண்காணிக்கப்படுபவர் யார் என்பதே இதைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்களின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் கடந்து இன்றைய தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவி வாழும் இம்மக்கள் அச்சட்டத்தை ‘ரேகைச் சட்டம்’ என்றே சொல்வார்கள்.

நிறமும் சட்டமும்

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. சாதி வழியே தொழில் வருவதுபோலக் குற்றமும் வழிவழியாக வருகிறது என்பதே அதை ஆதரித்தவர்களின் வாதம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசிதழ் அறிவித்துவிட்டால், அந்த அறிவிக்கை செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

அதே காலத்தில் வெள்ளையரின் நிலை வேறு. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்கச் சொன்னது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. 1883இல் வைஸ்ராய் ரிப்பன் காலத்து இல்பர்ட் மசோதா, ஐரோப்பியரை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்றது. வங்காளத்திலும் அசாமிலும் இருந்த தோட்ட முதலாளிகள் கொந்தளித்தார்கள். ஐரோப்பியர் பாதிக்குக் குறையாத ஜூரியைக் கேட்டுப் பெறும் உரிமையை 1884இல் பெற்றபின்தான் அடங்கினார்கள். சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர்கள் என்று தம்மைக் கருதியவர்களுக்கு, இந்தியர் ஒருவர் முன் விசாரணைக்கு நிற்பதே பெரும் அநீதியாகத் தெரிந்தது.

பள்ளத்தாக்கில் ரேகை

மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள் 1914இல் அறிவிக்கப்பட்டார்கள். சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் பட்டியலுக்குள் வந்தது.

பதிவு என்பது இதுதான். தகட்டில் மை தடவுவார்கள். ஒவ்வொரு விரலையும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அதில் உருட்டி, பத்து விரலையும் தாளில் வரிசையாகப் பதிப்பார்கள். அதன்பின் அந்த ஆளின் இரவு அவனுடையதல்ல. காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ படுத்து, ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போனால் ராதாரி என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். கம்பமெட்டும் குமுளியும் ஏறி, திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்த ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பிழைக்கும் நிலப்பகுதியில் இந்தச் சீட்டு வயிற்றில் கைவைப்பதாகும்.

களவு நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காவல் கூலியும், திருட்டு மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி வாங்கும் வழக்கமும் இருந்தன. இவற்றுக்கு எதிராக 1896இல் மதுரை மாவட்டத்தின் வடபகுதிக் குடியானவர்கள் ‘பண்டு’ (பொது நிதி) திரட்டிக் கள்ளர் காவலையே ஒழிக்க முனைந்தார்கள். ஆனால் களவு செய்தவனைத் தண்டிக்க 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இருந்தது. ரேகைச் சட்டமோ களவே செய்யாதவனையும் பிறப்பின் பெயரால் கட்டிப்போட்டது. நிறம் வெள்ளையருக்குக் கொடுத்த பாதுகாப்பை, இங்கே சாதியும் நிலமும் பிறருக்குக் கொடுத்தன. தன் வீட்டுக் கதவை ஒருநாளும் தட்டாது என்று தெரிந்த சட்டத்தை எதிர்க்க அவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை.

இரண்டு ஏப்ரல்கள்

1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறியது. விசாரணையின்றிச் சிறையில் வைக்கவும், சந்தேகத்துக்குரியவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் அது இடம் கொடுத்தது. அதே மாதம் காந்தி மதுரைக்கு வந்தார். ஏப்ரல் 6இல் நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. 13இல் அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் படுகொலை. இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ரௌலட் சட்டம் தருவதாகச் சொன்ன அதிகாரங்களில் பல ஏற்கெனவே குற்றப் பரம்பரைச் சட்டத்தில் நடைமுறையில் இருந்தன. அவற்றைக் கண்டித்து நாடு கடையடைக்கவில்லை.

ஓராண்டு கழித்து, 1920 ஏப்ரல் 3இல் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலத்துக்கு நடத்திப் போனதை வட்டாரம் இன்றும் சொல்கிறது. அமிர்தசரசுக்குக் கிடைத்த தேசியக் கவனத்தில் சிறு பங்குகூட இந்த ஊருக்குக் கிடைக்கவில்லை.

விதிவிலக்கு உண்டு. ரௌலட் சட்டத்தை எதிர்த்த மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், கள்ளர்களுக்காகவும் வாதாடினார். மக்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்தார்கள். இரண்டு சட்டங்களும் ஒரே அநீதி என்று கண்டவர் அவர். அப்படிக் கண்டவர்கள் மிகச் சிலரே.

இந்த வேறுபாட்டின் வேர் எதிர்ப்பின் மொழியிலேயே இருந்தது. 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்மீது ரேகைப் பதிவு திணிக்கப்பட்டபோது, பத்து விரல் ரேகை குற்றவாளிகளிடம் மட்டுமே வாங்கப்படுவது என்பது எதிர்ப்பின் முக்கிய வாதங்களுள் ஒன்று. இனவெறிக்கு எதிரான வீரமிக்க போராட்டம் அது. ஆயினும் ‘நாங்கள் குற்றவாளிகள் அல்லர்’ என்ற வாதம், குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவரை வெளியே நிறுத்திவிடுகிறது.

நீக்கமும் எச்சமும்

பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் அரசு கள்ளர் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. அதில் பிறந்த கள்ளர் பள்ளிகள் தேனி மாவட்டத்தில் இன்றும் நடக்கின்றன. ஊர்ப் பஞ்சாயத்துகள் தம் ஆட்களுக்குப் பொறுப்பேற்றன. அதாவது கண்காணிப்பின் ஒரு பங்கு மக்கள் தலையிலேயே விழுந்தது. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் நீண்ட போராட்டத்துக்குப் பின், 1947 ஜூன் 5இல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆகஸ்ட் 31 வரை ஆனது. ஆனால் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் இங்கே வந்துவிட்டது. சாதியின் பெயர் ஏட்டிலிருந்து போனது, சந்தேகம் போகவில்லை.

2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். ஆதாருக்காக எல்லோரும் விரல் பதித்த காலத்தில் அந்த விவாதம் நாடெங்கும் நடந்தது. 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்களின் ரேகையையும் கருவிழிப் பதிவையும் எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்க வழிசெய்தது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஆதாரைப் போல வீட்டுக்கு வீடு பேசப்படவில்லை. 2024 அக்டோபர் 3இல்தான், சீர்மரபினர் (முன்பு குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்டிருந்த சமூகத்தினர்) காரணமின்றிக் கைது செய்யப்படாமல் பார்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் காவல் துறைக்கு ஆணையிட வேண்டியிருந்தது. சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆணைக்குத் தேவை இருந்தது.

இந்த வரலாறு சொல்வது ஒன்றே. ‘என்னை ஏன் சந்தேகிக்கிறாய்’ என்ற கேள்வி மேலிருப்பவரின் சலுகையைக் காப்பாற்றும், உரிமையைக் காப்பாற்றாது. ‘குற்றம் காட்டாமல் எவரையும் எப்படிச் சந்தேகிக்கலாம்’ என்பதே உரிமைக்கான கேள்வி. அதை முதலில் கேட்டது பெருங்காமநல்லூர் போன்ற ஊர்கள். அந்தரங்க உரிமையின் இந்திய வரலாற்றை எழுதுபவர்கள் நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து அல்ல, ரேகை வைக்க மறுத்த அந்த ஊர்களிலிருந்தே தொடங்க வேண்டும்.