கைப்பேசி மின்னேற்றக் கம்பியின் வரலாறும் கம்பம் பள்ளத்தாக்கில் அதன் கோளாறுகளும்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர், தேனி என எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் கைப்பேசி பழுது பார்க்கும் கடையைக் காணலாம். அங்கே அடிக்கடி கேட்கும் முறையீடு, “சார்ஜ் ஏறவில்லை” என்பது. அடுத்தது, “கணினியில் சொருகினால் படம் ஏறவில்லை” என்பது. இவற்றில் பலவற்றுக்குக் காரணம் கைப்பேசி அல்ல, அதனோடு இணையும் கேபிள்தான். அந்தக் கேபிள் கடந்த முப்பது ஆண்டுகளில் எப்படி மாறி வந்தது என்று தெரிந்துகொண்டால், கோளாறு எங்கே இருக்கும் என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

பின்களின் காலம்

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே நடந்தது. அடுத்த ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டது. கைப்பேசி பெருநகரங்களைக் கடந்து இப்பள்ளத்தாக்கின் சிற்றூர்களுக்குப் பரவலாக வந்தபோது புதிய நூற்றாண்டு பிறந்திருந்தது.

அக்காலக் கைப்பேசிகளில் நிறுவனத்துக்கு ஒரு துளை இருந்தது. நோக்கியாவிலேயே முதலில் தடித்த பின், பிறகு மெல்லிய பின் என இரண்டு வகை. சாம்சங், சோனி எரிக்சன், மோட்டோரோலா ஆகியவற்றுக்கு வேறு வேறு அமைப்பு. வீட்டில் மூன்று கைப்பேசி இருந்தால் மூன்று சார்ஜர் வேண்டும். வெளியூர் போகும்போது சார்ஜரை மறந்துவிட்டால், அதே பின் உள்ள சார்ஜர் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டும். இதனால் ஒரே கம்பியின் நுனியில் பல பின்கள் தொங்கும் சார்ஜர்களும், பேட்டரியைக் கழற்றிக் கவ்விப் பிடித்து மின்னேற்றும் சார்ஜர்களும் கடைகளுக்கு வந்தன.

எனினும் அந்தக் காலத்துக்கு ஒரு நன்மை இருந்தது. பின் பொருந்தினால் பெரும்பாலும் சார்ஜ் ஏறும், பொருந்தாவிட்டால் ஏறாது. பொருந்தியும் ஏறாமல் குழப்புவது அரிது. அந்தக் குழப்பம் பிற்பாடு வந்தது.

யு.எஸ்.பி. பிறந்த கதை

தேனி மாவட்டம் உருவான அதே 1996ஆம் ஆண்டின் ஜனவரியில் யு.எஸ்.பி. என்னும் இணைப்பு முறையின் முதல் பதிப்பு வெளியானது. காம்பேக், டி.இ.சி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து இதை உருவாக்கின. இதில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர், வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட்.

விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி ஆகியவற்றைக் கணினியோடு இணைப்பதற்காகவே இது உருவானது. கைப்பேசிக்கு மின்னேற்றுவது அப்போது நோக்கமாக இருக்கவில்லை. கேபிளுக்குள் நான்கு கம்பிகள். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. கணினியின் துளை தரும் மின்சாரம் 5 வோல்ட்டில் அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்.

இன்றைய கோளாறுகள் இரண்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. முதலாவது, மலிவு விலைக் கேபிள்கள் சிலவற்றில் பச்சை, வெள்ளைக் கம்பிகளையே விட்டுவிடுகிறார்கள். அதில் சார்ஜ் ஏறும், ஆனால் கணினிக்குப் படமோ கோப்போ போகாது. இரண்டாவது, இரண்டரை வாட் மின்சாரம் டேப்லெட் என்கிற கைக்கணினிக்குப் போதாது. 2010இல் வந்த ஆப்பிளின் ஐபேடுக்கு 10 வாட் சார்ஜர் தேவைப்பட்டது. அதைச் சாதாரணக் கணினித் துளையில் சொருகினால் ‘சார்ஜ் ஏறவில்லை’ என்றே திரையில் காட்டியது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை, வாய்க்காலில் வரும் தண்ணீர் போதவில்லை, அவ்வளவே.

தேய வேண்டியது எது?

சார்ஜர் குப்பை பெருகுவதைக் கண்டு முதலில் விதி வகுத்த நாடுகளுள் ஒன்று சீனா. சார்ஜர் பக்கத்தில் யு.எஸ்.பி. துளை இருக்க வேண்டும் என்ற அதன் விதி 2007இல் நடைமுறைக்கு வந்தது. 2009இல் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் பெரிய கைப்பேசி நிறுவனங்கள் மைக்ரோ யு.எஸ்.பி.யைப் பொதுவாக ஏற்க ஒப்புக்கொண்டன. ஆப்பிள் மட்டும் தன் கைப்பேசிகளில் தனி வழியிலேயே போய், 2012இல் லைட்னிங் என்ற சொந்த அமைப்பைக் கொண்டுவந்தது.

2007 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மைக்ரோ யு.எஸ்.பி.யில் கவனிக்கத்தக்க ஒரு முடிவு இருக்கிறது. சொருகியதும் கவ்விப் பிடிக்கும் சிறு கொக்கிகளைக் கைப்பேசியில் வைக்காமல் கேபிளின் நுனியில் வைத்தார்கள். தேய்மானம் விலை குறைந்த பொருளுக்கே வர வேண்டும் என்பது இதன் நோக்கம். ஆகவே கேபிள் தளர்ந்து ஆடுவதைக் கண்டதும் கைப்பேசியின் துளை போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் தேய வேண்டியது கேபிள்தான்.

கம்பியின் பருமனும் முக்கியம். மெல்லிய கம்பியால் ஆன கேபிள் ஒன்றின் போகவர மின்தடை 0.4 ஓம் என்று கொள்வோம். அதில் 2 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால், ஓமின் விதிப்படி 0.8 வோல்ட் வழியிலேயே வீணாகும். 5 வோல்ட் புறப்பட்டு 4.2 வோல்ட் மட்டுமே கைப்பேசியைச் சேரும். உடனே கைப்பேசி தான் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவு முழுதும் சொருகி வைத்தும் பாதிதான் ஏறியிருக்கிறது என்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கேபிள் நீளமாக ஆக இழப்பும் கூடும்.

டைப்-சி: ஒரே துளை, பல குணம்

2014 ஆகஸ்டில் யு.எஸ்.பி. டைப்-சி வெளியானது. 24 தொடுமுனைகள், எந்தப் பக்கம் திருப்பினாலும் சொருகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் கைப்பேசிகளிலும் கைக்கணினிகளிலும் இது கட்டாயமானது. ஆப்பிளும் 2023இல் ஐபோன் 15 வரிசையில் இதற்கு மாறியது. இந்தியாவில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான தரத்தை 2023 ஜனவரியில் வெளியிட்டது.

துளை ஒன்றாகிவிட்டதால் எல்லாக் கேபிளும் ஒன்று என்று மக்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் டைப்-சியில் கேபிளும் கருவியும் சார்ஜரும் சிறு மின்தடைகள் வழியாகத் தம்மை அறிமுகம் செய்துகொண்ட பிறகே மின்சாரம் முறையாகப் பாயும். பழைய அகலத் துளையிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளில் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். தொடக்கத்தில் பல கேபிள்களில் தவறான மின்தடை இருந்தது. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் 2015 இறுதியில் இணையக் கடைகளில் விற்ற கேபிள்களை வாங்கிச் சோதித்து ஒவ்வொன்றாக அறிவித்தார். 2016 தொடக்கத்தில் கம்பிகளே மாறி இணைக்கப்பட்டிருந்த கேபிள் ஒன்று அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கிவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. மலிவான சில கருவிகளில் இருக்க வேண்டிய மின்தடைகளை வைக்காமலே டைப்-சி துளையைப் பொருத்தியிருப்பார்கள். இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் அவற்றுக்குச் சார்ஜ் ஏறாது, ஒருபுறம் பழைய அகல நுனி உள்ள கேபிளில் ஏறும்.

வேகமின்னேற்றம் இன்னொரு குழப்பம். குவால்காமின் முறை 2013இலும் ஒப்போவின் வூக் முறை 2014இலும் வந்தன. வேறு நிறுவனங்களும் தனித்தனி முறைகளைக் கொண்டுவந்தன. ஒரு முறைக்கான சார்ஜரில் வேறு முறைக் கைப்பேசியைச் சொருகினால் சார்ஜ் ஏறும், ஆனால் மெதுவாகத்தான் ஏறும். அது பழுதல்ல.

கைப்பேசியே வகுப்பறையான காலம்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி, தீக்‌ஷா செயலி, வாட்ஸ்அப் குழு ஆகியவை வழியாகப் பாடங்கள் நடந்தன. பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் வேலைக்குப் போகிறவர்களும், கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாகக் கேரளத்தின் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்களும் ஏராளம். பல குடும்பங்களில் இருந்தது ஒரே கைப்பேசி. பகலில் அது வேலைக்குப் போகும், இரவில் வீடு திரும்பும். அந்த இரவில் சார்ஜ் ஏறாவிட்டால் பிள்ளைக்கு அன்றைய பாடம் இல்லை. சில நூறு ரூபாய்க் கேபிளில் தீர வேண்டிய பிரச்சினைக்குக் கைப்பேசியையே மாற்றுவதென்றால், கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது பல நாள் உழைப்பு. இன்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கையில் அரசு வழங்கிய கைக்கணினிகள் இருக்கின்றன. கேபிளைப் பற்றிய அறிவு வகுப்பறைக்கும் தேவையாகிவிட்டது.

பள்ளத்தாக்குக்கே உரிய காரணங்கள்

ஆடிக் காற்று: தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியாகப் பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று புழுதியையும் கிளப்புகிறது. சட்டைப்பையின் பஞ்சும் இந்தப் புழுதியும் சேர்ந்து துளையின் அடியில் கெட்டிப்படும். கேபிள் முழுதாக உள்ளே போகாமல் ஆடும்.

மலை ஈரம்: ஏலத் தோட்டங்களில் மழையும் மூடுபனியும் அதிகம். ஈரமான துளையில் மின்சாரம் பாய்ந்தால் தொடுமுனைகள் அரித்துப் பச்சை பூத்துவிடும். புதிய கைப்பேசிகள் சில ஈரத்தை உணர்ந்து தாமே மின்னேற்றத்தை நிறுத்திவிடும். அது எச்சரிக்கைதான், கோளாறல்ல.

எட்டாத கோபுரம்: மலைச்சரிவில் சிக்னல் குறையும்போது கைப்பேசி கூடுதல் ஆற்றலைச் செலவிட்டுக் கோபுரத்தைத் தேடும். எல்லையோரத்தில் தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கும் கேரளக் கோபுரத்துக்கும் மாறி மாறித் தாவும். பேட்டரி விரைவில் தீரும். சரியாகச் சார்ஜ் ஏறவில்லை என்று கேபிளைக் குறை சொல்வார்கள்.

சோதிக்கும் வரிசை

1. வேறு கருவியை அதே இடத்தில் சொருகி, சுவரிலுள்ள மின்துளையில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.
2. நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த வேறொரு கேபிளால் சோதிக்க வேண்டும். பாதிச் சிக்கல் இங்கேயே தீரக்கூடும்.
3. பிறகு சார்ஜரை மாற்றிப் பார்க்க வேண்டும். கைக்கணினி என்றால் அதனோடு வந்த சார்ஜரின் வாட் அளவுக்குக் குறையாததாக இருக்க வேண்டும்.
4. கைப்பேசியை அணைத்துவிட்டு, விளக்கொளியில் துளையைப் பார்க்க வேண்டும். பஞ்சு இருந்தால் மெல்லிய மரக்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊக்கு, ஊசி கூடாது.
5. ஈரம் என்றால் நிழலில் காற்றோட்டமாக உலர விட வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் தூசியும் துகளும் துளைக்குள் போகும்.
6. கணினியில் கோப்பு தெரியாவிட்டால், கைப்பேசியின் அறிவிப்புப் பகுதியில் ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பாதுகாப்புக்காக ‘மின்னேற்றம் மட்டும்’ என்பதே இயல்பு நிலை. அப்போதும் தெரியாவிட்டால் கேபிளில் தகவல் கம்பிகள் இல்லாமல் இருக்கலாம்.
7. இத்தனைக்கும் பிறகே பழுது பார்க்கும் கடைக்குப் போக வேண்டும்.

தகவல் கம்பி இல்லாத கேபிளுக்கும் ஒரு பயன் உண்டு. பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களின் யு.எஸ்.பி. துளை வழியாகத் தகவல் திருடப்படும் அபாயத்தை ரிசர்வ் வங்கி தன் 2022ஆம் ஆண்டு விழிப்புணர்வுக் கையேட்டில் குறிப்பிட்டிருக்கிறது. அத்தகைய இடங்களில் மின்சாரத்தை மட்டும் கடத்தும் கேபிளே பாதுகாப்பானது.

முடிவாக

பல பின்களிலிருந்து ஒரே துளைக்கு வர உலகுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. வெளியே தெரிந்த வேற்றுமை மறைந்தது, ஆனால் கேபிளுக்குள் இருக்கும் வேற்றுமை நீடிக்கிறது. கம்பியின் பருமன், தகவல் கம்பிகள், மின்தடை, வேகமின்னேற்ற முறை ஆகிய நான்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாங்கும்போது இந்த நான்கையும் கேட்டு வாங்குவதும், கெட்டுப்போனதாகத் தோன்றும்போது விலை குறைந்த பொருளிலிருந்து சோதிக்கத் தொடங்குவதும் வீண்செலவைத் தவிர்க்கும். தேய்வதற்கென்றே அமைக்கப்பட்ட கேபிளைச் சோதிக்காமல் கைப்பேசியைக் கைவிடத் தேவையில்லை.