வேலை போன தூண்கள்

இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் கோல்ட் ஆஷ்பி என்றொரு சிற்றூர். அதன் அருகே, மேடு என்று சொல்லலாமே தவிர மலை என்று சொல்ல வாய் வராத ஓர் உயரத்தில் ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது. நாலடி உயரம். அடியில் இரண்டடிச் சதுரம். மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதல். அழகு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் இதைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். வந்து தூணைத் தொடுகிறார்கள், அதன் பக்கவாட்டில் பதித்திருக்கும் உலோகத் தகட்டின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், ஒரு படம் எடுக்கிறார்கள். உடனே அடுத்த தூணைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே, நாடு முழுவதையும் புதிதாக முக்கோணங்களால் அளக்கத் தொடங்கியபோது முதன்முதலில் பயன்படுத்திய தூண் இதுதான். நாள், 1936 ஏப்ரல் 18. பிறகு ஷெட்லாந்து தீவுகள் முதல் கார்ன்வால் வரை இதே மாதிரியில் சுமார் 6,500 தூண்கள் எழுந்தன.

சென்ற இதழில், இந்தியாவை அளந்த வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கியதையும், கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள அவரது தியோடலைட் 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து சுவரில் மோதியதையும் பார்த்தோம். ஒரு கோட்டை மட்டும் தரையில் அளந்துவிட்டு, மற்ற தூரங்களைக் கோணங்களால் கணக்கிடும் அதே வித்தை இங்கிலாந்தில் சற்று முன்பே தொடங்கிவிட்டது. 1784இல் ஜெனரல் வில்லியம் ராய் லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோ பொட்டலில் ஐந்து மைலுக்கு மேல் நீளும் கோடு ஒன்றை அளந்தார். அந்தக் கோட்டின் இரு முனைகளையும் அடையாளம் காட்ட, பின்னாளில் பீரங்கிக் குழாய்களைச் செங்குத்தாக மண்ணில் புதைத்தார்கள். அவற்றில் ஒன்று இன்று ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓரத்தில், கார்கள் பறக்கும் சாலையின் பக்கத்தில் கிடக்கிறது.

ராய் போட்ட பாதையில் 1791 முதல் 1853 வரை முதல் முக்கோண அளவை நடந்தது. வேலை பிரமாதம். அடையாளங்களைத்தான் கோட்டை விட்டார்கள். எங்கே கருவியை வைத்து அளந்தார்களோ அங்கே ஒரு கல்லைப் புதைத்தார்கள், சில இடங்களில் மரச்சட்டம் போட்டார்கள், அவ்வளவுதான். யார்க்‌ஷயர் எல்லையில் உள்ள பிளாக் ஹில்லின் உச்சியில் ‘சிப்பாய் மேடு’ என்ற பொருளில் உள்ளூர்க்காரர்கள் அழைக்கும் ஒரு திட்டு உண்டு. 1841இல் அதை ஆராய்ந்தபோது, ராம்ஸ்டென் செய்த மூன்றடி வட்டத் தியோடலைட்டை நிறுத்தியிருந்த மரச்சட்டம் உள்ளே கிடந்தது. இங்கே சட்டமாவது கிடைத்தது. பல குன்றுகளில் அதுவும் இல்லை. போதாக்குறைக்கு, மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வரைந்த வரைபடங்கள் எல்லையில் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றன.

1930களில் இந்தச் சிக்கல் மார்ட்டின் ஹோட்டீனின் மேசைக்கு வந்தது. ராணுவப் பொறியியல் படையைச் சேர்ந்த அவர், ஆர்ட்னன்ஸ் சர்வேயின் முக்கோண அளவைப் பிரிவுக்குத் தலைவர். அடையாளம் வேறு, கருவியைத் தாங்கும் கால் வேறு என்று இருப்பதால்தானே இத்தனை குழப்பம்? இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் இந்தத் தூண்.

தூணின் தலையைக் குனிந்து பார்த்தால் அவரது யோசனை விளங்கும். பித்தளையில் மூன்று கைகள், நடுவில் மூடியிட்ட ஒரு துளை. மூன்று கைகளிலும் வாய்க்கால் போன்ற பள்ளம். தியோடலைட்டின் மூன்று கால்களும் அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்துவிட்டால், கருவி தானாகவே மையத்துக்கு வந்துவிடும். இன்று ஒருவர் அளந்து, இருபது வருடம் கழித்து இன்னொருவர் வந்து வைத்தாலும் அதே புள்ளி. தூணின் அடியில் மண்ணுக்குள் இன்னொரு மையக் குறி புதைந்திருக்கிறது. இடி விழுந்தோ, குறும்புக்காரர்கள் கைவைத்தோ தூண் சாய்ந்தால் அதைக்கொண்டு புள்ளியை மீட்டுவிடலாம். பக்கத்தில் உள்ள தகடு உயரம் அளப்பதற்கு; அதில் பெரும்பாலும் எஸ் என்ற எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கும். இன்றைய தேடலாளர்கள் தாங்கள் வந்துபோனதற்குச் சாட்சியாகக் காட்டுவது அந்த எண்ணைத்தான்.

தூண் கட்டுவதற்கான சிமெண்டும் மணலும் வண்டி போகாத மலைகளில் மனித முதுகிலும் மட்டக்குதிரையிலும் ஏறின. அதன்பின் வந்த அளவைக்காரர்களுக்குப் பெரும்பாலும் ராத்திரி வேலை. பகலில் தரை சூடாகிக் காற்று அலைபாயும், தொலைவில் உள்ள குறி நடுங்கும். இரவில் அந்தத் தொல்லை குறைவு. ஒரு தூணில் ஒருவர் கருவியோடு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் பல மைல் தொலைவில், வேறு வேறு சிகரங்களில், விளக்கு காட்டுவதற்காகவே ஆட்கள் குளிரில் காத்துக்கிடப்பார்கள். மேகம் இறங்கிவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். நடுவில் உலகப் போர் வேறு வந்து குறுக்கே நின்றது. கடைசியில் 1962இல்தான் எல்லாம் முடிந்தது. இன்றும் பிரிட்டனில் மலையேறுகிறவர்கள் வரைபடத்தில் பார்க்கும் சதுரக் கட்டங்கள் அந்த உழைப்பின் மேல்தான் நிற்கின்றன.

முடித்து மூச்சுவிடுவதற்குள் தொழில்நுட்பம் மாறிவிட்டது. விமானப் படங்கள் வந்தன, மின்னலைகளால் தூரம் அளக்கும் கருவிகள் வந்தன, கடைசியாகச் செயற்கைக்கோள்கள் வந்தன. 1992 ஜூன் 4 அன்று கம்ப்ரியாவில் தோர்னி கேல் என்ற இடத்தில் கடைசி முக்கோண அளவீடு நடந்தது. தூண்களின் கணக்கில் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சுமார் 20 மீட்டர் பிசகு இருக்கலாம். இப்போதைய செயற்கைக்கோள் நிலையங்களின் வலையில் அது சில மில்லிமீட்டர். இதற்கு மேல் தூணுக்கு என்ன வேலை?

வேலை கொடுத்ததும் அதே செயற்கைக்கோள்தான். அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. கையிலிருக்கும் கருவி நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். 2000 மே 1ஆம் தேதி இரவில் அதிபர் கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் பாதி புதைத்து, அதன் ஆயத்தொலைவுகளை வெளியிட்டார். உள்ளே குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு பீன்ஸ் டின், ஒரு கவண். எதையாவது எடுத்தால் எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு இப்படித்தான் தொடங்கியது.

பெட்டி ஒளிக்கத் தோதான இடம் தேடியவர்களுக்கு மலையுச்சித் தூண்கள் அல்வா மாதிரி அமைந்தன. வரைபடத்தில் சிறு முக்கோணக் குறியாக இருக்கிறது, எட்டுத் திசையும் தெரிகிறது, போகப் பாதையும் பெரும்பாலும் உண்டு. சீக்கிரமே பெட்டியே தேவையில்லை, தூண் போதும் என்று ஒரு கூட்டம் பிரிந்தது. 2016 ஏப்ரலில் ஒருவர் ஸ்காட்லாந்தின் பெனார்ட்டி குன்றில் ஏறி, அன்று எஞ்சியிருந்த 6,190 தூண்களையும் பார்த்து முடித்தார். இதற்கு அவருக்குப் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது.

இந்த எண்ணிக்கைப் போட்டியைவிட அதன் வழியில் வரும் இடங்கள்தான் சுவையானவை. தூண் என்றால் மலை என்று யார் சொன்னது? லிட்டில் ஊஸ் ஆற்றங்கரையில் சதுப்புச் சமவெளியில் ஒரு தூண் கடல் மட்டத்துக்கும் ஒரு மீட்டர் கீழே நிற்கிறது. சில தூண்கள் குடிநீர்த் தேக்கத்தின் கூரையில், சில ராணுவப் பயிற்சி நிலத்துக்குள். அவற்றுக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். அரித்துப்போகும் கடற்கரை மண்மேடுகளில் நின்ற சில தூண்கள் கீழே மணலில் குப்புற விழுந்துவிட்டன. விழுந்த தூணைத் தொட்டால் கணக்கில் சேருமா, பழைய இடத்தில் போய் நிற்க வேண்டுமா என்பது தேடலாளர்களுக்குள் தீராத வழக்கு.

வேலையற்ற தூண்கள் அத்தனையையும் கட்டிக் காக்க ஆர்ட்னன்ஸ் சர்வேக்கும் அவசியமில்லை. 1990களில் தூண்களைத் தத்தெடுத்துப் பராமரிக்கப் பொதுமக்களை அழைத்தது. எந்தத் தூண் நிற்கிறது, எதன் பித்தளை திருடு போனது, எது உழவன் கலப்பைக்கு இரையானது என்ற விவரம் இன்று அலுவலகக் கோப்புகளைவிட இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் கையில்தான் புதிதாக இருக்கிறது.

அமெரிக்காவில் இது இன்னும் முறைப்படி நடக்கிறது. அங்கே தூண் கிடையாது, பாறையிலோ கான்கிரீட்டிலோ பதித்த உள்ளங்கையளவு உலோக வில்லைதான். நடுவில் முக்கோணம், சுற்றிலும் கையால் தட்டிப் பதித்த இடத்தின் பெயரும் ஆண்டும். குறியைக் கலைத்தால் 250 டாலர் அபராதம் என்று பழைய வில்லைகளே மிரட்டுகின்றன. சற்றுத் தள்ளி அம்புக்குறி போட்ட துணை வில்லைகள் இருக்கும். மூல வில்லை மண்ணில் மூடிப்போனால் அம்புகள் சுட்டும் திசையில் போய்த் தேடலாம்.

ஆனால் அந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமே. அதற்கு அரசுப் பதிவேட்டில் உள்ள பழைய வழிக்குறிப்புதான் துணை. இன்ன பண்ணை வீட்டுக்குக் கிழக்கே, இன்ன வேலியிலிருந்து இத்தனை அடி என்று நூறு வருடத்துக்கு முன் அளவைக்காரர் எழுதியது. பண்ணை போயிருக்கும், வேலி போயிருக்கும். அந்த ஊரின் பழைய சாலைகளை விசாரித்து, மாறியதையும் மாறாததையும் பிரித்தறிந்துதான் வில்லையை நெருங்க முடியும். பொழுதுபோக்குக்கு வந்தவர் வட்டார வரலாற்றாசிரியர் ஆவது இங்கேதான். கண்டுபிடித்தாலும் சரி, கைவிரித்தாலும் சரி, அவர் அனுப்பும் அறிக்கையைத் தேசிய புவியளவைத் துறை அதே பதிவேட்டில், பழைய அளவைக்காரரின் வரிகளுக்குக் கீழே சேர்த்துக்கொள்கிறது.

அந்தப் பழைய அளவைக்காரர்களில் ஒருவர் பெஞ்சமின் கொலோனா. 1878இல் கலிபோர்னியாவின் ஷாஸ்டா சிகரத்தில் பனிக்கு நடுவே முகாமிட்டு, 192 மைல் தொலைவிலிருந்து ஒரு கண்ணாடி அனுப்பும் வெயில் பளிச்சுக்காக நாள்கணக்கில் காத்திருந்தவர். அவர் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)