பழைய பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் கார் வாங்கலாமா? விலை பேசும் முன் கவனிக்க வேண்டியவை

ஒரு புதிய மைவி காரின் விலைக்குள், பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் அல்லது மெர்சிடிஸ் சி-கிளாஸ் காரை இன்று வாங்கிவிட முடிகிறது. வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன நம் இளைஞர்கள் பலருக்கு இந்தக் கார்கள் மீது ஆசை இருப்பதில் வியப்பில்லை. வேகமும் பிடிமானமும் உள்ள கார்கள். வீட்டு வாசலில் நின்றால் பெருமையும் உண்டு.

ஆனால் இதே கார்கள் அடுக்குமாடி வீடுகளின் கீழே தூசி படிந்து மாதக்கணக்கில் நிற்பதையும் பார்க்கிறோம். பழுது பார்க்கப் பணமில்லை, தவணை மட்டும் தொடர்ந்து போகிறது. காரணம் எளிது. கார் பழசானால் அதன் விலை இறங்கும். அதன் உபரிப்பாகங்களின் விலை அந்த அளவுக்கு இறங்குவதில்லை. இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்கு விற்ற காரை முப்பதாயிரத்துக்கு வாங்கினாலும், பழுது பார்க்கும்போது அது இரண்டு லட்சம் ரிங்கிட் கார்தான். இதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தால், தினசரி வேலைக்குப் போய்வர நல்ல கார் அமையும்.

பின்சக்கர இயக்கம் என்றால் என்ன?

மைவி, சாகா, வியோஸ், சிட்டி போன்ற கார்களில் இயந்திரத்தின் சக்தி முன்சக்கரங்களுக்குப் போகிறது. காரை இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு சக்கரங்கள்தான். பின்சக்கர இயக்கத்தில் முன்சக்கரங்கள் திருப்பும் வேலையை மட்டும் பார்க்கும், பின்சக்கரங்கள் தள்ளும். இதனால் ஸ்டீயரிங் துல்லியமாக இருக்கும், எடையும் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரியும். கேமரன் மலை வளைவுகளிலும் காராக் நெடுஞ்சாலையிலும் ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

இது நமக்குப் புதியதல்ல. 1985இல் புரோட்டோன் சாகா வருவதற்கு முன் தோட்டங்களில் ஓடிய டட்சன் 120ஒய், டொயோட்டா கேஇ70 ஆகியவையும் பின்சக்கர இயக்கக் கார்களே. அந்தக் காலத்து ஓட்டுநர்களுக்கு மழையில் இவற்றின் பின்பக்கம் வழுக்குவதும் தெரியும். இன்றைய கார்களில் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இருந்தாலும், தேய்ந்த டயரோடு அடைமழையில் வேகமாக வளைந்தால் அதுவும் காப்பாற்றாது.

எந்தக் கார்களைப் பார்க்கலாம்?

பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், இ90: 2005 முதல் வந்த தலைமுறை. இதில் 320ஐ எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. அதன் 2.0 லிட்டர் இயந்திரத்தில் எண்ணெய்க் கசிவு பரவலான குறை. வால்வு ரப்பர்கள் தேய்ந்தால் எண்ணெய் எரிந்து நீலப் புகை வரும். சில நிமிடங்கள் நின்ற இடத்தில் ஓடவிட்டு, பிறகு எண்ணெய் மிதியை அழுத்திப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஆறு சிலிண்டர் கொண்ட 323ஐ, 325ஐ கார்களின் இயந்திரம் இதைவிட உறுதியானது. ஆனால் அவற்றின் தண்ணீர்ப் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. முன்னறிவிப்பின்றி நின்றுபோய் இயந்திரம் சூடேறும். ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்கில் பம்ப்பையும் தெர்மோஸ்டேட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. அதை ஏற்கெனவே மாற்றியதற்கான ரசீது விற்பவரிடம் இருந்தால் அந்தக் காருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

மெர்சிடிஸ் சி-கிளாஸ், டபிள்யூ204: 2007இல் அறிமுகமானது. குடும்பத்தோடு போய்வர வசதியானது, ஓட்டமும் மென்மை. சி200 காரின் 1.8 லிட்டர் இயந்திரத்தில் டைமிங் சங்கிலி நீண்டுபோவதும் கேம்ஷாப்ட் பல்சக்கரம் தேய்வதும் தெரிந்த குறைகள். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது ஓரிரு விநாடி தகரத்தை உலுக்குவது போன்ற ஓசை கேட்டால் எச்சரிக்கை தேவை. சங்கிலி அறுந்தால் இயந்திரமே போய்விடும். ஸ்டீயரிங்கைப் பூட்டும் மின்னணுக் கருவி பழுதானாலும் சிக்கல்தான். சாவி வேலை செய்யாது, கார் இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

லெக்சஸ் ஐ.எஸ்.250: 2005இல் வந்த இரண்டாம் தலைமுறை. இந்த மூன்றில் பழுதுத் தொல்லை குறைந்தது இதுதான். 2.5 லிட்டர் வி6 இயந்திரத்தின் உள்வால்வுகளில் கரி படிவது இதன் முக்கியக் குறை. பின் இருக்கை நெருக்கம், பெட்ரோல் செலவு அதிகம். பெரிய பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு ஒத்துவராது. தனியாக வேலைக்குப் போய்வருபவருக்கு நல்ல தேர்வு.

பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், எப்30: கையில் சற்றுக் கூடுதல் பணம் இருப்பவர்களுக்கு. 2012 முதல் வந்தது. இதன் எட்டு வேக கியர்பெட்டி நல்ல பெயர் பெற்றது; டர்போ இயந்திரமும் பெட்ரோலைச் சிக்கனமாகவே குடிக்கும். 2012 முதல் 2014 வரையிலான 320ஐ, 328ஐ கார்களில் டைமிங் சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் உடைவது கடுமையான குறை. இயந்திரத்திலிருந்து மெல்லிய சீழ்க்கைபோல் ஓசை வந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

இந்த ஐரோப்பியக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. குளிர்விக்கும் அமைப்பில் உள்ள பிளாஸ்டிக் குழாய்கள், தொட்டிகள், ரப்பர் வளையங்கள் நம் நாட்டு வெப்பத்திலும் நெரிசலிலும் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். பத்து ஆண்டுகள் கடந்த காரில் இவற்றை மாற்றும் செலவு நிச்சயம் வரும் என்றே கணக்கிட வேண்டும்.

சாலை வரியும் காப்புறுதியும்

தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள செடான் காருக்குச் சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,796 சிசி உள்ள சி200 காருக்கு ஆண்டுக்குச் சுமார் 278 ரிங்கிட். 1,995 சிசி உள்ள 320ஐக்குச் சுமார் 378 ரிங்கிட். 2,499 சிசி உள்ள ஐ.எஸ்.250க்கு அது 879 ரிங்கிட்டாக ஏறிவிடும். 3.0 லிட்டரை நெருங்கினால் இரண்டாயிரத்தைத் தாண்டும். தினசரி ஓட்டத்துக்கு 2.0 லிட்டருக்குள் நிற்பதே சிக்கனம்.

காப்புறுதியில் ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் இருந்தவருக்கு 55 விழுக்காடு என்.சி.டி. கழிவு கிடைக்கும். முதல் கார் வாங்கும் இளைஞருக்கு அந்தக் கழிவு இருக்காது. ஆகவே விலை பேசும் முன்பே காப்புறுதி முகவரிடம் தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்டத்துப் பாதையும் டயரும்

பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் மாற்று டயரே கிடையாது. காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்பிளாட் டயர்களோடு வந்தவை அவை. அந்த டயர் கடினமானது, விலையும் கூடுதல். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் போய்வருபவருக்குக் குழிகளில் ரிம் வளைவதும் டயர் கிழிவதும் அடிக்கடி நேரும். அப்படிப்பட்டவர் 18 அங்குல ரிம்மைத் தவிர்த்து, 16 அல்லது 17 அங்குல ரிம் உள்ள காரைத் தேடுவது நல்லது. முன் டயரும் பின் டயரும் ஒரே அளவா என்றும் பார்க்க வேண்டும். வேறு வேறு அளவாக இருந்தால் முன்பின் மாற்றிப் போட முடியாது; பின் டயர்கள் சீக்கிரம் தேய்ந்து செலவு வைக்கும்.

வாங்கும் முன் பரிசோதனை

பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் போன்ற மையத்தில் செய்யும் பரிசோதனை, காரின் சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் சரியா, சாலைக்கு ஏற்றதா என்பதைப் பார்ப்பது. கியர்பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. அதனால் விற்பவருக்குத் தொடர்பில்லாத, இந்த வகைக் கார்களைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கூலி கொடுத்துக் காட்ட வேண்டும். அந்தச் சில நூறு ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்தான் பின்னர் பல ஆயிரம் இழக்கிறார்.

கவனிக்க வேண்டியவை:

• இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் போகலாம்.

• சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

• கணினிக் கருவியை இணைத்துப் பிழைக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். பல கார்களில் ஓடிய தூரம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவாகியிருக்கும். மீட்டரைக் குறைத்திருந்தால் இங்கே தெரிந்துவிடலாம்.

• தினமும் 50 கிலோமீட்டர் வேலைக்கு ஓடும் கார் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டரைத் தாண்டும். பன்னிரண்டு ஆண்டு காரில் மீட்டர் 70,000 காட்டினால் அதற்குச் சர்வீஸ் புத்தக ஆதாரம் கேட்க வேண்டும்.

• கியர் மாறும்போது உதறல், தாமதம் இருக்கிறதா என்று சூடான பிறகும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கியர் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். ‘வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

• தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கைக்கு அடியில் துரு, சேறு, புளித்த வாடை உண்டா என்று பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களில் ஏராளமான கார்கள் மூழ்கின. மின்னணுப் பாகங்கள் நிறைந்த இந்தக் கார்கள் ஒருமுறை மூழ்கினால் குணமாவது அரிது.

• நிலுவையில் உள்ள சம்மன்களையும், கிராண்டில் உள்ள பெயரும் விற்பவரும் ஒருவர்தானா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

கடனில் கவனம்

கார் பழசாக ஆக வங்கி தரும் கடனும் தவணைக் காலமும் குறையும். அப்போதுதான் ‘சம்புங் பாயார்’ என்ற யோசனை வரும். ஒருவர் பெயரில் உள்ள காரை இன்னொருவர் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமல் தவணையை மட்டும் கட்டுவது அது. வங்கியின் சம்மதமின்றிச் செய்யும் இந்த ஏற்பாட்டில் கட்டுபவருக்கு எந்த உரிமையும் இல்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதியில் சிக்கல். தவணை தவறினால் கடன் வாங்கியவரின் பெயர் கெடும். இதில் அண்ணன் தம்பி உறவே முறிந்த குடும்பங்கள் உண்டு.

1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், உரிய அறிவிப்புக் கொடுத்து வங்கி காரை மீட்டுக்கொள்ளலாம். 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்திருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். பழுது பார்க்கக் காசில்லாமல் கார் நின்றுவிட்டது என்பதற்காகத் தவணை நிற்காது. உத்தரவாதக் கையெழுத்துப் போட்ட அப்பாவையோ மாமாவையோ தேடி வங்கிக் கடிதம் வரும்.

எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடக் கூடாது. மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கை முதல் ஆண்டுப் பழுதுகளுக்கு ஒதுக்கி வைப்பது நல்ல கணக்கு. 40,000 ரிங்கிட் இருந்தால் 30,000 ரிங்கிட் கார்தான் பார்க்க வேண்டும். வாங்கிய முதல் மாதத்திலேயே எண்ணெய்கள், வடிகட்டிகள், குளிர்விக்கும் குழாய்கள், பிரேக், டயர் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டால் அதன் பிறகு வரும் தொல்லை பாதியாகக் குறையும்.

அதன்பின் மாதம் 300, 400 ரிங்கிட் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்துவைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாது என்றால் மைவியோ சாகாவோதான் இப்போதைக்குப் பொருத்தம். வீட்டில் ஒரே கார், அதில்தான் அம்மாவை மருத்துவமனைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அழைத்துப் போக வேண்டும் என்ற நிலையிலும் அதுவே சரி. முடியும் என்பவர், மாதிரியைவிட அந்தக் குறிப்பிட்ட காரின் வரலாற்றைப் பார்த்து வாங்கட்டும். ஒரே உரிமையாளர், முழு ரசீதுகள், ஒழுங்கான சர்வீஸ் உள்ள 320ஐ, பளபளப்பாகப் பெயின்ட் அடித்த ரசீதில்லாத 328ஐயைவிட நீண்ட நாள் ஓடும்.