சேவல் வழி வந்த நிறம்: கோழியின் பால்சார் இறகு மரபும் வடஆற்காட்டுக் கலப்பினப் பெருக்கமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு கடைவீதிகளில் பச்சை, ஊதா, ரோஸ் சாயம் ஏற்றி விற்கப்படும் கலர் கோழிக்குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். லேயர் பொரிப்பகங்களுக்கு அவற்றால் பயனில்லை. பொரித்த அன்றே பிரித்துக் கழித்துவிடுகிறார்கள். அப்படிப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு: எச்சத் துவாரத்தைப் பிதுக்கிப் பார்ப்பது, சிறகின் நீளத்தைப் பார்ப்பது, குஞ்சு மயிரின் நிறத்தைப் பார்ப்பது. மூன்றில் மிக எளிது கடைசி வழிதான். கைப்பழக்கம் வேண்டாம், கண் இருந்தால் போதும். அறிவியல் நூறாண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்ட இந்த வழி வடஆற்காட்டுக் கொல்லைப்புறங்களுக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கோழியில் பால் நிர்ணயம் மனிதருக்கு நேர்மாறானது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை தன் ஒற்றை இசட்டை மகனுக்கு மட்டுமே தரும். மகளுக்கு வரும் இசட் தந்தையுடையது. இசட்டில் உள்ள நிற மரபணுக்களைப் பொறுத்தவரை ‘தாயைப் போல பிள்ளை’ என்பது மகன்களுக்கே பொருந்தும்.

அமெரிக்காவின் ஸ்பில்மன் 1908இல், பிளிமத் ராக் கோழியின் கருப்பு வெள்ளை வரி இறகு பாலோடு சேர்ந்து இறங்குகிறது என்று எழுதினார். பால்சார் மரபுக்குச் சான்றாகச் சொல்லப்படும் மார்கனின் புகழ்பெற்ற வெள்ளைக்கண் பழ ஈ வெளிவந்தது 1910இல்தான். பாடநூல்களில் ஈ மட்டும் நிலைத்துவிட்டது. கோழிக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்வேன். முதல் உலகப்போரின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், சேவல் குஞ்சுகளை முதல் நாளே பிரித்தால் தீவனம் மிச்சமாகும் என்று இங்கிலாந்தில் மரபியலாளர் பன்னெட் வாதாடினார். 1920களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் அவரும் மைக்கேல் பீஸும், பிறக்கும்போதே ஆண் பெண் தெரியும் ‘கேம்பார்’ இனத்தை உருவாக்கினர். இதேபோல் பாலோடு இறங்கும் வெள்ளி நிற மரபணுவை 2007இலும் வரி மரபணுவை 2010இலும் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மூலக்கூறு அளவில் அடையாளம் கண்டனர்.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது? வரி இறகுள்ள பிளிமத் ராக் பெட்டையோடு ரோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் கருப்பாகவே பொரிக்கும். ஆனால் சேவல் குஞ்சின் உச்சந்தலையில் மங்கலான வெள்ளைப் பொட்டு இருக்கும். வெடைக்குஞ்சின் தலை முழுக் கருப்பு. வளர்ந்ததும் சேவல் வரி போட்டு நிற்கும், பெட்டை கருப்பாகவே இருக்கும், கழுத்தில் செம்மை தட்டினால் உண்டு. ஜோடியை மாற்றி, வரிச் சேவலைச் செம்பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சுகளுக்கும் வரி மரபணு போய்விடும். தலைப்பொட்டை வைத்துப் பிரிக்க முடியாது. ஓங்கும் மரபணு தாயிடம் இருக்க வேண்டும் என்பதே விதி. வெள்ளி நிறப் பெட்டை, செந்நிறச் சேவல் சேர்க்கைக்கும் இதே விதிதான்: சேவல் குஞ்சு வெளிர் நிறம், வெடைக்குஞ்சு செந்நிறம்.

இங்கேதான் நம் கதை திசைமாறியது. விடுதலைக்குப் பிந்தைய கோழி அபிவிருத்தித் திட்டங்கள் பலவும் சீமைச் சேவலை ஊருக்குக் கொடுத்து, நாட்டுப்பெட்டையோடு இனம் சேர்க்கும் முறையில் நடந்தன. ஒரு சேவல் பல பெட்டைகளுக்குப் போதும் என்பதால் செலவுக் கணக்கில் அது சரி. 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் தடுப்பூசி இல்லாவிட்டால் அந்தச் சீமைக்கோழிகள் வெள்ளைக்கழிச்சலில் போயிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் சேவல் வழி வந்த மரபணு மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல் இறங்குவதால், நிறம் பார்த்துப் பிரிக்கும் வாய்ப்பு திட்டத்தின் அமைப்பிலேயே அடைபட்டுப் போனது. போதாக்குறைக்கு, பரவலாகக் கொடுக்கப்பட்டது வெள்ளை லெகார்ன். அதன் ஓங்கும் வெண்மை இசட்டில் இல்லாத மரபணு. அது கருநிறத்தை மூடிவிடும். வெள்ளை லெகார்னில் வரி மரபணு அடியில் இருந்தாலும் வெளியே தெரியாது.

பெரும்பண்ணைகள் வேறு வழி கண்டன. இறகு மெதுவாக வளரும் மரபணுவும் இசட்டில்தான் உள்ளது. தாய் மெதுவாகவும் தந்தை வேகமாகவும் இறகு முளைக்கும் வழியில் வந்திருந்தால், ஒரு நாள் குஞ்சின் சிறகை விரித்துப் பார்த்தே வெடையைப் பிரித்துவிடலாம். வெள்ளைக்கோழிக்கு ஏற்ற உத்தி இது.

நம் வட்டாரத்தில் சேவல் குஞ்சு வீணாவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாலாற்றங்கரை ஊர்களில் நாட்டுச்சேவல் கறிக்குக் கிராக்கி உண்டு; கொல்லையில் கோழி வளர்ப்பவர் முட்டையை மட்டும் நம்பி வளர்ப்பதில்லை. ஆனால் முட்டைக்கு வளர்ப்பவருக்கு வெடையும் கறிக்கு வளர்ப்பவருக்குச் சேவலும் முதல் நாளே கிடைத்தால் இருவருக்கும் தீவனச் செலவு குறையும். தோல் தொழில் நடக்கும் நம் வட்டாரத்துக்குப் பொருத்தமான இன்னொன்றும் உண்டு. தோலின் கருமையை அடக்கும் மரபணுவும் இசட்டில்தான் இருக்கிறது. அந்த மரபணு உள்ள வெளிர்கால் பெட்டையோடு கருந்தோல் இனமான கடக்நாத் சேவலைச் சேர்த்தால் மகள்கள் கருந்தோலோடும் மகன்கள் வெளிர்தோலோடும் பிறப்பார்கள். பன்னெட்டும் பேட்சனும் 1911இல் சில்கி கோழியில் கண்டதும் இதே முறைதான். கருங்கோழி என்று விலை வைத்து விற்கும் கலப்பினப் பண்ணையாளர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நிறப் பிரிப்பு ஒரு தலைமுறைக்கே செல்லும். வரியில்லாத மகளை மறுபடி அடைக்கு வைத்தால் தலைப்பொட்டு தெரியாது. தாய்க்கோழி மந்தையைத் தனியே பேணியாக வேண்டும். வீட்டுக்காரரால் ஆகாத அந்த வேலை அரசுப் பண்ணையால் ஆகும். ஊரகப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு வழங்கும் துறையினர், வரியிறகுப் பெட்டைகளைத் தாய் மந்தையாக வைத்து, வரியும் ஓங்கும் வெண்மையும் இல்லாத நாட்டுச்சேவலோடு சேர்த்து, தலைப்பொட்டு இல்லாத வெடைகளைப் பிரித்துக் கொடுக்கும் சோதனை ஒன்றை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தொடங்க வேண்டும்.