உயிரும் பிழைப்பும்



நீதியரசர் கோபால் ஸ்ரீராமை நம் மாணவர் அறிதல் வேண்டும். 1943இல் பிறந்தவர், வழக்கறிஞராயிருந்து 1994இல் நேரே மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானார். 2009இல் கூட்டரசு நீதிமன்றத்திற்கு உயர்ந்து, 2010இல் ஓய்வுபெற்றார், 2023இல் மறைந்தார்.

தொடக்கப்பள்ளித் துணைத் தலைமையாசிரியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கில், 1996இல் அவர் அளித்த தீர்ப்பு ஆசிரியர்களுக்கு நெருக்கமானது. அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு காக்கும் ‘உயிர்’ வெறும் மூச்சன்று. வாழ்வாதாரமும் அதனுள் அடங்கும் என்றார். தண்டனை மிகையென்று பணிநீக்கம் நீக்கப்பட்டது, பதவியிறக்கமே எஞ்சியது.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வேலை போனால் குடியிருந்த வீடும் போகும். பிழைப்பை உயிரோடு சேர்த்து எண்ணிய அத்தீர்ப்பின் பொருள், அவ்வாறு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளாகிய நமக்கு விளக்காமலே விளங்கும்.