கரியேறிய ஏடுகள் – 7: ஒற்றைப் பிரதி

இரவு உடுப்போடு, தலையில் பெரிய பொய்முடியோடு, கமக்கட்டில் ஒரு பழைய நூலை இடுக்கிக்கொண்டு எரியும் வீட்டிலிருந்து வெளியே வந்த கிழவர் யார் என்று கேட்டுச் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்.

அவர் றிச்சர்ட் பென்ட்லி. கிரேக்க மொழியில் அக்கால ஐரோப்பா முழுவதும் மதித்த அறிஞர். 1731 ஒக்டோபர் 23, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஆஷ்பேர்ன்ஹாம் மாளிகை. கீழறை அடுப்புக்கு மேலிருந்த மரச்சட்டத்தில் பிடித்த நெருப்பு மாடியில் இருந்த நூலகத்துக்கு ஏறிவிட்டது. பென்ட்லி காத்து வந்தது 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க விவிலியம். மற்றக் கட்டுகளை அங்கு நின்றவர்கள் அள்ளி அள்ளிச் சன்னலால் வெளியே எறிந்தார்கள்.

எட்டாம் ஹென்றி துறவி மடங்களை மூடியபோது சிதறிப்போன கையெழுத்து நூல்களை றொபேட் கொற்றன் என்ற பிரபு தேடித் தேடிச் சேர்த்த நூலகம் அது. அநேகமாக ஒவ்வோர் அலுமாரியின் மேலும் ஓர் உரோமப் பேரரசனின் சிலை. அந்த அரசனின் பெயரே அலுமாரிக்கும் பெயர். ‘ஓதோ’ அலுமாரி அன்றைக்குப் பெரும்பாலும் சாம்பலானது. ‘விட்டேலியஸ்’ பாதி தப்பியது. பிறகு கணக்கெடுத்தபோது, 958 சுவடிகளில் 114 அழிந்தோ பயன்படாமலோ போயிருந்தன. இன்னும் 98 பழுதாகியிருந்தன.

ஓதோவில் இருந்த ஒரு பாடலை மட்டும் சொல்கிறேன். 991இல் எசெக்ஸ் கரையில், மோல்டன் என்ற இடத்தில், வைக்கிங் படையை எதிர்த்து நின்று விழுந்த பிர்த்நோத் என்ற தலைவனைப் பற்றிய பாடல். உலகத்தில் அதற்கு ஒரேயொரு பிரதிதான். அது எரிந்துபோனது. ஆனாலும் 325 அடிகளை இன்றைக்கும் வாசிக்கிறோம். நூலகத்தில் வேலை பார்த்த டேவிட் கஸ்லி அதை முன்னமே படியெடுத்து வைத்திருந்தார். தோமஸ் ஹேர்ன் 1726இல் அதை அச்சாக்கிவிட்டார். நெருப்புக்கு ஐந்து வருடம் முந்தி!

அந்த ஐந்து வருடத்தை நினைக்கும்போது என் மனம் மாதகலுக்குத்தான் ஓடுகிறது.

1736. இலண்டன் நெருப்புக்கு ஐந்து வருடம் பிந்தி. வலிகாமத்தின் வடகரையில், மயில்வாகனப் புலவர் ஏடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இருக்கிறார். மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்கு இணங்க, நம் தேசத்தின் கதையை வசனமாக எழுதுகிறார். அதுதான் ‘யாழ்ப்பாண வைபவமாலை’. அவர் ஆதாரமாகக் கொண்ட நூல்கள் நான்கு: கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை.

முதல் இரண்டும் நம்மிடம் உண்டு. பின்னிரண்டும் இல்லை. நல்லூர் அரசர்களின் முறை சொன்ன ஏடு அந்த மனிதரின் விரல்களுக்கு இடையே இருந்தது. எங்களுக்கோ அதன் பெயர் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது. கஸ்லி போல ஒருவர் பக்கத்துத் திண்ணையில் இருந்து இராசமுறையைப் படியெடுத்திருந்தால் நல்லூரைப் பற்றி இன்று நாம் போடும் சண்டைகளில் பாதி இராது என்பது என் துணிபு.

அதன் பிறகும் நாம் இழந்தோம். 1981 மே 31 இரவு மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் போயின. வெஸ்ட்மின்ஸ்டரில் பிடித்தது தற்செயலான நெருப்பு. இது மூட்டிய நெருப்பு. அன்றிரவு அந்தச் சுவாலையைப் பார்த்து உயிர்விட்ட தாவீது அடிகளுக்குத் தனி அத்தியாயம் ஒன்று பின்னால் வரும்.

மீண்டும் விட்டேலியஸ் அலுமாரி. அங்கே கிபி 1000ஐ ஒட்டிய கையெழுத்தில் 3182 அடிகள் கொண்ட ‘பேயோவுல்ஃப்’ காவியம் இருந்தது. அதற்கும் ஒரேயொரு பிரதி. ஓரங்கள் கரிந்த நிலையில் அது தப்பியது. ஆனால் கரிந்த தோல் வருடத்துக்கு வருடம் உதிர்ந்தது. அதோடு எழுத்துகளும் உதிர்ந்தன.

நம் ஓலைகளும் அப்படித்தான். என் அம்மப்பாவின் பெட்டகத்தில் ஒரு மாட்டு வாகட ஏடு இருந்தது. கோவையிலைச் சாற்றில் கரியைக் குழைத்துப் பூசித் துடைத்தால் கீறல்களுக்குள் கறுப்பு இறங்கி எழுத்து எழும்பி வரும். அதற்கு முதல் கயிற்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போதே துளையைச் சுற்றி ஓலை நொறுங்கும். அடிக்கொருதரம் அம்மப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தாம் கண்ட ஏடுகளின் இந்த நிலையைச் சொல்லி அழாக்குறையாக எழுதியிருக்கிறார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவரின் கவலை அது.

அவருக்கு நூறு வருடம் முந்தி அதே கவலையோடு இலண்டனில் வந்து இறங்கினார் ஐஸ்லாந்தில் பிறந்த கிரிமுர் தோர்கெலின். டென்மார்க் அரசின் பணியில் இருந்தவர். 1787 அளவில் பேயோவுல்ஃபுக்கு இரண்டு படிகள் உண்டாக்கினார். ஒன்று கூலிக்கு எழுதுவித்தது. மற்றது தம் கையாலேயே எழுதியது. இன்று மூலத்தில் இல்லாத சுமார் 2000 எழுத்துகள் அந்தப் படிகளில் இருந்தன. இரண்டையும் கொண்டு கோபன்ஹேகனுக்குத் திரும்பி, பல வருடம் பதிப்பு வேலையில் இருந்தார்.

1807 செப்டெம்பர் 2. துறைமுகத்துக்கு வெளியே பிரித்தானியக் கப்பல்கள் அணிவகுத்து நின்றன. பொழுது சாய, முதல் குண்டு நகரத்தின் கூரைகளுக்கு மேலாகப் பறந்து வந்தது. நான்கு நாள் நகரம் எரிந்தது. தோர்கெலினின் வீடும் எரிந்தது. அச்சுக்கு ஆயத்தமாக இருந்த பதிப்பும் மொழிபெயர்ப்பும் சாம்பலாயின.

அந்த இரண்டு படிகள்?

(தொடரும்)