கல்லூரி வாயிலும் மும்பைத் தமிழரும்

உயர்கல்வியை மக்கள் நாடுவதற்கு அறிவு வேட்கை ஒன்றே காரணமென்று நாம் பொதுவாகக் கருதுகிறோம். வேட்கை யாவர்க்கும் உண்டு. அவ்வேட்கை கல்லூரி வாயிலை அடைவதற்கோ, பிழைப்பு, தொலைவு, நேரம், மொழி, சட்டம் ஆகிய ஐந்தும் இடந்தர வேண்டும். மும்பைத் தமிழரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதலில் மாட்டுங்காவைக் காண்போம். சென்னை மாகாணத்தில் 1920-களில் வகுப்புவாரி முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை அரசுப் பதவிகளை மிகுதியாகப் பெற்றிருந்த பிராமணக் குடும்பத்தினருள் சிலர் வெளியூர்களில் வேலை தேடலாயினர். அன்றைய பம்பாயில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் அமர்ந்தவர்க்குப் படிப்பே கைம்முதல். அம்முதலை மக்களுக்கும் அளிக்க விழைந்தனர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தோன்றிற்று. விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923-இலேயே மாட்டுங்காவுக்கு வந்திருந்தது. 1937-இல் ரூயா கல்லூரியும் 1941-இல் போதார் வணிகக் கல்லூரியும் எழுந்தன. நடந்து சென்று படித்து வரலாம், விடுதிச் செலவில்லை.

செம்பூரில் தொழில் வளர்ச்சி கல்வியை அழைத்தது. அருகிலுள்ள திராம்பேயில் 1954-இல் அணுசக்தி நிலையம் அமைந்தது; அதே காலத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தன. விஞ்ஞானப் பட்டத்திற்கு உரிய வேலையைப் பெற்றோர் கண்ணெதிரே கண்டனர்.

இனித் தாராவிக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் பலர் அங்கே குடியேறினர். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்திற்குப் பிள்ளை கல்லூரியில் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஓராண்டு வருவாயின் இழப்பாகும். மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் தொடங்கிய பிள்ளை, கல்லூரியில் ஆங்கிலத்தை எதிர்கொள்ள வேண்டும். 1960-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அடுத்துள்ள சயானில் கல்லூரி தொடங்கியது; எனினும் தொலைவு குறைந்ததனால் மட்டும் கூலியின் கவலை தீர்ந்துவிடுமா?

இதனை நன்குணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கி, வேலை பார்ப்போரும் பயிலும் வண்ணம் காலை வகுப்புகளை நடத்தியது. நேரத்தை மாற்றியதால், படிப்பை எண்ணிப் பார்க்கவும் இயலாதிருந்தவர் மாணவராயினர்.

சட்டமும் ஒரு தடையாகும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர், வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால் அங்கும் அவ்வுரிமையைப் பெற இயலாதென உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 1994-இல் அதனை உறுதி செய்தது. ஆகவே மகாராட்டிரத்தில் அவ்வுரிமையைக் கோருவோர், தம் குடும்பம் 1950 ஆகஸ்டு 10-ஆம் நாளுக்கு முன்பே அங்குக் குடியிருந்தமையை ஆவணத்தால் நிறுவ வேண்டியவராகின்றனர். தோல் தொட்டியில் நின்று உழைத்த பாட்டனார் எந்த ஆவணத்தைப் பேணி வைத்திருப்பார்?

எனினும் மைய அரசின் கல்வி நிறுவனங்களில் சொந்த மாநிலத்துச் சான்றிதழ் செல்லும். இச்செய்தி சென்று சேராமையாலேயே வாய்ப்பை இழக்கும் வீடுகள் உண்டு. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் நம் சான்றிதழ்களைப் பேணுவோம். அறிந்ததை அடுத்த வீட்டிற்கும் சொல்வோம். கல்லூரிக்கு வாராத பிள்ளையை ஆர்வமற்றவன் எனத் தீர்ப்பதற்கு முன், அவனுடைய வழியில் எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று கேட்பதே நம் கடமையாகும்.